முன் ஃபோர்க் மாற்றம்: எது எதோடு பொருந்தும், வாங்கும் முன் என்ன அளக்க வேண்டும்?

கருப்பு டேங்க்

எல்லோருக்கும் வணக்கம். ஹோண்டா சிபி750, எழுபதுகளின் சேஸிஸ். எஞ்சின் வேலை முடிந்தது, பின்பக்கமும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, முன்பக்கம்தான் பாக்கி. இப்போது இருப்பது 35 மி.மீ. குழாய் உள்ள பழைய ஃபோர்க், ஒற்றை டிஸ்க், ஒரே ஒரு பிஸ்டன் உள்ள காலிபர். இதையெல்லாம் எடுத்துவிட்டு சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வகை தலைகீழ் ஃபோர்க் (தடித்த வெளிக்குழாய் மேலே, சறுக்கும் மெல்லிய குழாய் கீழே), இரட்டை டிஸ்க், 17 அங்குலச் சக்கரம் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தேடும்போது ஃபோர்க் ஒரு இடத்தில், டிரிபிள் கிளாம்ப் (ஃபோர்க் குழாய்களைப் பிடித்துச் சேஸிஸோடு இணைக்கும் மேல், கீழ் பிடிகள்) வேறொரு பைக்கிலிருந்து, சக்கரம் மூன்றாவது பைக்கிலிருந்து என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

என் கேள்வி, கோன் செட் (ஸ்டீயரிங் திரும்பும் பேரிங்குகள்) மட்டும் சரியான அளவில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் லேத்தில் ஸ்பேசர் கடைந்து பொருத்திவிடலாமா? இல்லை, அதற்கு மேலும் பார்க்க வேண்டியது இருக்கிறதா? நான் அளந்தவரை சேஸிஸின் ரேக் (ஸ்டீயரிங் அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்) 27 டிகிரி, கிளாம்ப் ஆஃப்செட் சுமார் 60 மி.மீ., முன் டயர் 100/90-19, வீல்பேஸ் (இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள தூரம்) 1455 மி.மீ.

லேத் மேசை

கோன் செட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பலர் அங்கேயே குழம்பி நிற்கிறார்கள். பேரிங்கின் வெளிவட்டம் சேஸிஸ் கழுத்துக்குச் சொந்தம், உள்வட்டம் ஸ்டெம்முக்கு, அதாவது கிளாம்ப்பிலிருந்து கழுத்துக்குள் போகும் தண்டுக்குச் சொந்தம். கழுத்தின் உள் விட்டத்தையும் புது ஸ்டெம்மில் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டத்தையும் வெர்னியரில் எடுங்கள், மேலும் கீழும் தனித்தனியாக, இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து ஒரே பேரிங்கில் இருந்தால் வேலை சுலபம். 32005 என்றால் 25×47×15 (உள் விட்டம், வெளி விட்டம், அகலம், மி.மீ.இல்), 320/28 என்றால் 28×52×16, 32006 என்றால் 30×55×17, இவை எந்த பேரிங் கடையிலும் இருக்கும் அளவுகள். பைக்குகளில் 26×47×15 போன்ற ஒழுங்கில்லாத அளவுகளும் உண்டு, அதற்கு ஆல் பால்ஸ் மாதிரி மோட்டார்சைக்கிள் பேரிங் செட் போடுபவர்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். எந்தச் சேஸிஸில் எந்த ஃபோர்க் ஏற எந்த பேரிங் என்று அவர்களே அட்டவணை வைத்திருக்கிறார்கள்.

விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது, நீளமும் பொருந்த வேண்டும். கீழ் பேரிங் உட்காரும் விளிம்பிலிருந்து மேல் கிளாம்ப்பின் அடிப்பரப்பு வரை எவ்வளவு என்று இரண்டு ஸ்டெம்மிலும் அளந்து பாருங்கள். புது ஸ்டெம் நீளமாக இருந்தால் ஸ்பேசர் வைத்துச் சமாளிக்கலாம். குட்டையாக இருந்தால் மேல் நட்டுக்கு மரை போதாது, அப்படி ஓட்டவே கூடாது. இன்னொன்று, உங்கள் சேஸிஸில் பழைய காலத்து உதிரிக் குண்டு கோன் செட் இருக்கிறது. டேப்பர் ரோலர் (குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் உள்ள பேரிங்) போடும்போது அடுக்கின் உயரம் மாறும், அந்தச் சில மில்லிமீட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஸ்டெம் பொருந்தவில்லை என்றால் வழி இருக்கிறது. உங்கள் பழைய ஸ்டெம்மைப் பழைய கிளாம்ப்பிலிருந்து பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புது கிளாம்ப்பின் துளைக்கு ஏற்ற புஷ் கடைந்து ஏற்றலாம், அல்லது உங்கள் சேஸிஸுக்கும் அந்தக் கிளாம்ப்புக்கும் சேர்த்தே கடைந்த மாற்று ஸ்டெம் வாங்கலாம். காக்னிட்டோ மோட்டோ போன்றவர்கள் பழைய ஹோண்டாக்களுக்கென்றே இதைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நீளம் போதாத ஸ்டெம்மை வெட்டி ஒட்டு வெல்டு வைப்பது. அந்த ஒட்டு விட்டால் கையில் ஹேண்டில் பார் மட்டும்தான் இருக்கும்.

முறுக்கு விசை

லேத் மேசை சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது இரண்டாவது படி. முதல் படி காகிதத்தில் ஒரு கணக்கு. ஃபோர்க் சேஸிஸில் ஏறுகிறதா என்பது ஒரு கேள்வி, ஏறிய பிறகு வண்டி நேராகப் போகுமா, வளைவில் விழுமா என்பது வேறு கேள்வி. அதைச் சொல்வது டிரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்.

சூத்திரம் எளிதானதுதான். டயரின் ஆரத்தை ரேக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள், அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழியுங்கள், மீதியை அதே கோணத்தின் கொசைனால் வகுங்கள். இங்கே ஆஃப்செட் என்பது ஸ்டெம்மின் மையக்கோட்டிலிருந்து ஆக்ஸில் மையம் வரை செங்குத்தாக இருக்கும் தூரம். கிளாம்ப்பில் இருக்கும் ஆஃப்செட்டோடு, ஆக்ஸில் ஃபோர்க்குக் குழாயின் முன்னால் தள்ளி இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். தலைகீழ் ஸ்போர்ட்ஸ் ஃபோர்க்குகளில் ஆக்ஸில் பெரும்பாலும் குழாய்க்கு நேர் கீழேயே இருக்கும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 100/90-19 டயரின் ஆரம் 331 மி.மீ., ரேக் 27, ஆஃப்செட் 60. டிரெயில் 101 மி.மீ. வருகிறது. அழகான எண், சாலை வண்டிக்கு ஏற்றது. இப்போது சக்கரத்தை மட்டும் 17 அங்குலமாக்கி 120/70-17 டயர் போட்டால் ஆரம் 300 ஆகிறது, டிரெயில் 86-க்கு இறங்குகிறது. ஸ்போர்ட்ஸ் பைக் கிளாம்ப்பில் ஆஃப்செட் 30 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். அதையும் மாற்றினால் 86 ஒரேயடியாக 119-க்கு ஏறிவிடும். ஸ்டீயரிங் கனமாகி, மெதுவாகத் திரும்பும்போது இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும்.

ஆனால் இதுவும் முழுக் கணக்கு இல்லை. ஸ்போர்ட்ஸ் ஃபோர்க் பழைய ஃபோர்க்கைவிடக் குட்டை. 60 மி.மீ. குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், நேர் உயரத்தில் அது 53. சக்கரம் சிறிதானதால் ஆக்ஸில் இன்னொரு 31 மி.மீ. இறங்கியிருக்கிறது. மொத்தம் 84. உங்கள் வீல்பேஸ் 1455-இல் அது சேஸிஸையே ஏறக்குறைய 3.3 டிகிரி முன்னால் சாய்க்கிறது. ரேக் 27-லிருந்து 23.7 ஆகிறது. இப்போது டிரெயில் 99.

கருப்பு டேங்க்

இது எனக்கு நல்ல செய்தியாகத் தெரிகிறதே. 101 இருந்தது, எல்லாம் மாற்றிய பிறகு 99. அப்படியானால் குட்டை ஃபோர்க், சின்ன சக்கரம், குறைந்த ஆஃப்செட் மூன்றும் ஒன்றை ஒன்று சமன் செய்துவிட்டன. பிறகு என்ன பிரச்சினை?

முறுக்கு விசை

டிரெயில் ஒன்றை மட்டும் பார்த்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வண்டி முழுவதும் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது, அதன் விலையை வேறு இடங்களில் கொடுக்கிறீர்கள். எஞ்சினுக்கு அடியில் தரைக்கு இருந்த இடைவெளி 40 மி.மீ. போலக் குறையும், நாலு சைலன்ஸர் குழாய்களும் அங்கேதான் போகின்றன, வளைவில் சாய்க்கும்போது முதலில் தரையில் உரசுவது அவைதான். பக்க ஸ்டாண்டு வண்டியை நிமிர்த்தியே நிறுத்தும், லேசாகத் தட்டினாலும் மறுபக்கம் விழும். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுப்பது சிரமமாகும். எடை முன்னால் நகரும். கார்புரேட்டர் தொட்டியில் பெட்ரோல் மட்டமும் சாயும், 3 டிகிரி பெரிதில்லைதான், ஆனால் இறக்கத்தில் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அதனால் பலர் பிறகு முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறார்கள். ஃபோர்க் நீளம் பழையதுக்குச் சமமாக இருந்து சக்கரம் மட்டும் சிறிது என்றால் ரேக் 25.8, ஆஃப்செட் 30-உடன் டிரெயில் 112. முழுவதுமாகப் பழைய உயரத்துக்கே தூக்கினால் மேலே சொன்ன 119. தூக்கத் தூக்க ஸ்டீயரிங் கனக்கும். ஆகவே நீளத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும், ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது நடக்காது. ஆஃப்செட் 40-க்கு மேல் உள்ள கிளாம்ப் கிடைத்தால், அல்லது அப்படிக் கடைந்து வாங்க முடிந்தால், வண்டியைக் குத்த வைக்காமலே டிரெயில் நூறு பக்கம் வந்துவிடும்.

என் அழுத்தமான கருத்து இது: பைக்கைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, ஆள் உட்கார்ந்த நிலையில் ஆக்ஸில் மையத்திலிருந்து கீழ் கிளாம்ப் வரை அளக்காமல் ஒரு போல்ட் கூட வாங்காதீர்கள்.

நீள ஃபோர்க்

சாப்பர் (ஃபோர்க்கை முன்னால் நீட்டி மாற்றிய பைக்) பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. இந்த இழையைப் படிப்பவர் எல்லோரும் ஸ்போர்ட்ஸ் ஃபோர்க் போடப்போவதில்லை. ஃபோர்க்கை முன்னால் நீட்ட இரண்டு வழி இருக்கிறது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஓட்டும்போது நேர் எதிர். சேஸிஸின் கழுத்தை வெட்டிக் கோணத்தை அதிகப்படுத்தினால் டிரெயில் கூடும். கழுத்தைத் தொடாமல் 3 டிகிரி, 5 டிகிரி, 7 டிகிரி சாய்த்த கிளாம்ப் போட்டால் சக்கரம் முன்னால் போகும், ஸ்டீயரிங் அச்சு அங்கேயே இருக்கும், டிரெயில் குறையும். சாய்த்த கிளாம்ப் என்பதே கழுத்தை அதிகமாகச் சாய்த்து டிரெயில் எக்கச்சக்கமாகிவிட்ட வண்டியில் அதைத் திரும்பக் குறைக்கத்தான். சாதாரண சேஸிஸில் அழகுக்காகப் போட்டால் டிரெயில் இல்லாமலே போய், நெடுஞ்சாலை வேகத்தில் ஹேண்டில் தானாக ஆட ஆரம்பிக்கும். மேலே சொன்ன சூத்திரம் இதற்கு அப்படியே பொருந்தாது, கிளாம்ப்பின் கோணத்தால் ஆக்ஸில் எவ்வளவு முன்னால் போகிறது என்பதையும் ஆஃப்செட்டில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஃபோர்க் நீளமாக ஆக அந்தக் கூடுதலும் பெரிதாகும்.

பழைய நாலு

எல்லோரும் தலைகீழ் ஃபோர்க் பற்றியே பேசுகிறீர்கள். நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கருப்பு டேங்க், உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? நல்ல பிரேக்கும், பள்ளத்தில் அடிக்காத முன்பக்கமும் என்றால், இருக்கிற 35 மி.மீ. ஃபோர்க்கிலேயே நிறையச் செய்யலாம். உங்கள் எடைக்கு ஏற்ற புது ஸ்பிரிங், ரேஸ் டெக் எமுலேட்டர் (ஃபோர்க்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), டேப்பர் கோன் செட், இரண்டு குழாயையும் இணைக்கும் ஃபோர்க் பிரேஸ், இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் செய்துகொள்வது. எமுலேட்டர் பழைய டேம்பர் கம்பியின் துளைகளைப் பெரிதாக்கச் சொல்லும், அது திரும்பப் போட முடியாத வேலை என்பதால் அவசரப்படாமல் செய்யுங்கள். ரேக், டிரெயில், உயரம் எதுவும் மாறாது. அந்த அரை நூற்றாண்டுச் சேஸிஸ் கழுத்து 35 மி.மீ. குழாயின் வளைவை மனதில் வைத்துச் செய்தது. அதில் தடித்த தலைகீழ் ஃபோர்க்கும் இரண்டு நாலு பிஸ்டன் காலிபரும் மாட்டி முழு பிரேக் அடித்தால், முன்பு குழாய் வாங்கிய அடியைக் கழுத்து வாங்கும். தலைகீழ் ஃபோர்க்தான் போடுவேன் என்றால் கழுத்தைச் சுற்றித் தகடு வைத்து வலுப்படுத்தாமல் போடாதீர்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த சாதாரண சாலை பைக்குகளின் 41 அல்லது 43 மி.மீ. நேர் ஃபோர்க். ஸ்போர்ட்ஸ் ஃபோர்க்கைவிட நீளம் அதிகம், குழாயைக் கிளாம்ப்பில் ஏற்றி இறக்கி உயரம் சரிசெய்ய இடம் இருக்கும், பழைய வண்டியின் உருவத்தோடும் சண்டை போடாது.

முறுக்கு விசை

பழைய நாலு சொன்ன 43 பற்றி ஒரு குறிப்பு. தலைகீழ் ஃபோர்க்கில் 43 மி.மீ. என்று விளம்பரத்தில் போடுவது கீழே சறுக்கும் உள் குழாயின் விட்டம். கிளாம்ப் பிடிப்பது தடித்த வெளிக்குழாயை, அதுவும் மேலே ஒரு விட்டம், கீழே இன்னொரு விட்டம், 50 மேல் 54 கீழ் என்பது போல. நேர் ஃபோர்க்கில் 43 என்றால் கிளாம்ப் பிடிப்பதும் 43. இதைக் கவனிக்காமல் கிளாம்ப்பும் ஃபோர்க்கும் தனித்தனியாக வாங்கினால் இரண்டும் அலமாரியில்தான் இருக்கும். குழாய்க்கும் கிளாம்ப்புக்கும் நடுவே தகட்டைச் சுற்றி இறுக்கும் யோசனையை யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். கழுத்துக்குத் தகடு வைப்பது பற்றி முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

லேத் மேசை

சக்கரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்றாவது பைக்கின் சக்கரம் என்று கேள்வியில் இருந்தது. ஃபோர்க்கின் ஆக்ஸில் 20 மி.மீ., சக்கரத்தின் பேரிங் 15 மி.மீ. துளை என்றால் உடனே கைவிட வேண்டாம். 6302 பேரிங் 15×42×13, 6004 பேரிங் 20×42×12. வெளி விட்டம் ஒன்றே, ஹப்பைத் தொடாமல் மாற்றலாம், 1 மி.மீ. அகலக் குறைவுக்கு மட்டும் கணக்கு வைக்க வேண்டும். அதேபோல 6204 எடுத்துவிட்டு 6005 போட்டால் 20 மி.மீ. துளை 25 ஆகும், வெளியே இரண்டும் 47, அகலம் 14-க்குப் பதில் 12. மாற்று பேரிங் தாங்கும் பளு பழையதைவிடக் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இதில் பெரும்பாலோர் விட்டுவிடும் பாகம் ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் குழாய் ஸ்பேசர். ஆக்ஸில் தடிமன் மாறினால் அதையும் புதிதாகக் கடைய வேண்டும், நீளம் இரண்டு பேரிங்கின் உள்வட்டங்களுக்கு இடையே துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு நூல் குட்டையாக இருந்தாலும் ஆக்ஸிலை இறுக்கும்போது உள்வட்டங்கள் உள்ளே இழுக்கப்பட்டு பேரிங் பக்கவாட்டில் நெரியும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, கொஞ்ச தூரத்தில் சூடாகி அரைக்க ஆரம்பிக்கும்.

அப்புறம் டிஸ்க். டிஸ்க்கின் விட்டத்தைத் தீர்மானிப்பது ஃபோர்க்கில் காலிபர் மாட்டும் இடம். 310 மி.மீ. டிஸ்க்குக்கான ஃபோர்க்கில் 320 போட்டால் காலிபருக்கு உள்ளே இடிக்கும், 298 போட்டால் பேடு விளிம்புக்கு வெளியே தொங்கும். சக்கரம் வேறு பைக்கினது என்றால் டிஸ்க் போல்ட் வட்டம், டிஸ்க் எவ்வளவு உள்வாங்கி உட்காருகிறது, இரண்டும் மாறும். ரேடியல் காலிபரில் (பக்கவாட்டில் இல்லாமல் பின்னாலிருந்து போல்ட் ஏறும் வகை) போல்ட் இடைவெளி 108 மி.மீ., 100 மி.மீ. என இரண்டு வகை பரவலாக இருக்கிறது, ஜப்பானிய ஃபோர்க்கில் பெரும்பாலும் 108, பிரெம்போவில் பெரும்பாலும் 100.

இவ்வளவையும் பார்த்தால் ஏன் நாங்கள் எல்லோரும் ஒரே பைக்கின் முழு முன்பக்கத்தையும் சேர்த்து வாங்கு என்கிறோம் என்பது புரியும். ஃபோர்க், இரண்டு கிளாம்ப், ஸ்டெம், ஆக்ஸில், அதன் ஸ்பேசர்கள், சக்கரம், டிஸ்க், காலிபர். அந்தப் பைக்கைச் செய்தவர்கள் இவற்றுக்கு இடையேயான எல்லா அளவையும் தீர்த்துவைத்துவிட்டார்கள். உங்களுக்குத் தீர்க்க மிச்சம் இருப்பது ஸ்டெம்முக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ளது மட்டும்.

இரண்டு விரல்

மாஸ்டர் சிலிண்டரையும் (பிரேக் லீவர் தள்ளும் எண்ணெய் சிலிண்டர்) அந்தப் பட்டியலில் சேருங்கள், தயவுசெய்து. பழைய ஒற்றைக் காலிபருக்கான 14 மி.மீ. மாஸ்டரை வைத்துக்கொண்டு இரண்டு நாலு பிஸ்டன் காலிபர் ஓட்டப் பார்க்கிறார்கள். 14 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 154 ச.மி.மீ., 17.5 மி.மீ. என்றால் 240. அதாவது லீவர் அதே அளவு நகர்ந்தால் பெரியது ஒன்றரை மடங்கு எண்ணெய் தள்ளுகிறது. காலிபர் பக்கம் 30-உம் 34-உம் கலந்த எட்டு பிஸ்டன் இருந்தால் மொத்தப் பரப்பு சுமார் 6460. அதை 14 மி.மீ. மாஸ்டரால் வகுத்தால் 42, 17.5-ஆல் வகுத்தால் 27. 42 என்றால் விரலுக்கு ரொம்ப லேசாக இருக்கும், ஆனால் லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிடும், பேடு தேய்ந்த பிறகு பிரேக்கே பிடிக்காது. மறுபக்கம், ஒற்றை டிஸ்க்கில் 19 மி.மீ. ரேடியல் மாஸ்டர் போட்டால் லீவர் மரக்கட்டை போல நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. 19×18, 19×20 என்று எழுதியிருப்பதில் முதல் எண் பிஸ்டன் விட்டம், இரண்டாவது லீவரின் சுழல் புள்ளிக்கும் பிஸ்டனைத் தள்ளும் இடத்துக்கும் உள்ள தூரம். முழு செட்டாக வாங்கும்போது அதே பைக்கின் மாஸ்டரையே கேட்டு வாங்குங்கள், இந்தக் கணக்கே தேவைப்படாது.

கருப்பு டேங்க்

நன்றி, உண்மையாகவே நிறையத் தெளிவாயிற்று. தனித்தனியாக வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஒரே பைக்கின் முழு முன்பக்கம், மாஸ்டர் சிலிண்டர் உட்பட, தேடுகிறேன். அதன் ஃபோர்க் என் பழையதைவிட 60 மி.மீ.க்கு மேல் குட்டையாக இருந்தால் வாங்கப்போவதில்லை, ஆஃப்செட் அதிகமுள்ள கிளாம்ப் தனியாகக் கடைந்து வாங்குவதா என்பதை அளந்த பிறகு முடிவு செய்கிறேன். கழுத்துக்குத் தகடு நிச்சயம்.

கடைசியாக இரண்டு சந்தேகம். ஸ்டீயரிங் லாக் (ஹேண்டில் இரண்டு பக்கமும் திரும்பி நிற்கும் எல்லை) எப்படி வரும்? அப்புறம் ஸ்போர்ட்ஸ் பைக் ஸ்பிரிங் இந்த எடையைத் தாங்குமா?

முறுக்கு விசை

லாக் தானாக வராது. பழைய கிளாம்ப்பில் இருந்த மேடு சேஸிஸில் இருந்த நிறுத்தத்தில் மோதும், புது கிளாம்ப்பில் அந்த மேடு வேறு இடத்தில் இருக்கும், அல்லது இருக்காது. ஆஃப்செட் குறைந்ததால் குழாய்கள் டேங்குக்கு நெருங்கி வந்திருக்கும், நிறுத்தம் இல்லாமல் திருப்பினால் டேங்கில் பள்ளம் விழும், கிளிப்-ஆன் ஹேண்டில் (ஃபோர்க் குழாயிலேயே மாட்டுவது) என்றால் விரல் நடுவில் மாட்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே டேங்கை வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, குழாய் டேங்கைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்படி சேஸிஸில் நிறுத்தம் வெல்டு செய்யுங்கள். கேபிளும் பிரேக் ஹோஸும் முழு லாக்கில் இழுபடக் கூடாது.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, சக்கரத்தோடு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிப் பாருங்கள். டயர் கீழ் கிளாம்ப்பையோ சைலன்ஸர் குழாயையோ மட்கார்டையோ தொடக் கூடாது, இரண்டு பக்கம் திருப்பிய நிலையிலும். சிபி750-இல் நாலு குழாயும் முன்னாலிருந்து இறங்குவதால் அங்கேதான் இடம் நெருக்கடி. ஸ்போர்ட்ஸ் ஃபோர்க்கின் பயணம் 120 மி.மீ. அளவில் இருக்கும், அந்த 120-உம் முழுவதும் பயன்படும் என்று வைத்தே இடைவெளி விடுங்கள்.

ஸ்பிரிங் மாற்றத்தான் வேண்டியிருக்கும். உங்கள் வண்டி அந்த ஸ்போர்ட்ஸ் பைக்கைவிடக் கனம். முதலில் இருக்கிற ஸ்பிரிங்கோடு நீங்கள் உட்கார்ந்து எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள், 120-இல் 30 முதல் 40 மி.மீ. இறங்கினால் சரி, ப்ரீலோடு (ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தம்) முழுவதும் ஏற்றியும் அதற்கு மேல் போனால் கடினமான ஸ்பிரிங் வாங்குங்கள். எண்ணெய் மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க் முழுவதும் அமுங்கிய நிலையில், குழாயின் மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அந்த அளவை அந்த ஃபோர்க்கின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், சிபி750 மேனுவலில் இருக்கும் எண் இதற்கு உதவாது.

லேத் மேசை

கோன் செட்டின் இறுக்கத்தை எல்லாம் மாட்டிய பிறகு ஒரு முறையும், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடியும் பாருங்கள், புது ரேஸ் (பேரிங் வட்டம்) உட்கார்ந்து தளரும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் தானே பக்கவாட்டில் விழ வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டும் இடம் இந்தச் சக்கரத்தில் இருக்காது, அதற்கு சென்சார் வைத்த மீட்டர் இப்போதே பார்த்துவையுங்கள். அளவுகள் எடுத்ததும் இங்கே போடுங்கள், ஸ்டெம் வரைபடம் நான் பார்த்துச் சொல்கிறேன்.